இரும்பை உருட்டும் களிமண்



சமையல் வாயு வீடுதோறும் வந்து சேர்வதற்கு முன்பு, சென்னை நகரத்து இல்லங்களில் கரியடுப்பே பெரிதும் புழங்கிற்று. கரி மூட்டையின் அடியில் தங்கும் தூளை அந்நாளைய இல்லத்தரசியர் வீணாக எறிந்துவிடவில்லை. தூளை அப்படியே அடுப்பில் கொட்டினால் காற்றுப் புகும் வழி அடைபட்டுத் தணல் அவிந்துவிடும். ஆகவே அதனுடன் சாணமும் சிறிது களிமண்ணும் கூட்டி, நீர்விட்டுப் பிசைந்து, எலுமிச்சங்காய் அளவில் உருண்டை பிடித்து, மொட்டைமாடி வெயிலில் உலர்த்தி வைத்துக்கொண்டனர். உருண்டைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் காற்று ஏறும். கரியும் நின்று எரியும். களிமண் குறைந்தால் உருண்டை உதிரும். மிகுந்தால் சாம்பல் மிகுந்து தணல் குன்றும். இந்த அளவை அறிவதே அவர்களுடைய கைப்பக்குவம்.

இதே பக்குவம் எஃகுத் தொழிலில் இன்று மிகப் பெரிய அளவில் கையாளப்படுகிறது. அங்கே கரித்தூளுக்குப் பதிலாக இரும்புத் தாதுவின் தூள். சாணத்துக்கும் வண்டல் களிக்கும் பதிலாகப் பென்டொனைட் என்னும் தனிச் சிறப்புடைய களிமண். ஓராயிரம் கிலோ தாதுத் தூளுக்கு ஐந்து முதல் பத்துக் கிலோ களிமண் போதும். இத்துணைச் சிறிய அளவு எவ்வாறு அத்துணைப் பெரிய பாரத்தைத் தாங்குகிறது? அதனால் விளையும் நன்மை யாது, தீமை யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இரும்பு உருக்கும் ஊதுலை என்பது ஓங்கி நிற்கும் ஒரு கோபுரம். மேலிருந்து தாதுவும் கல்கரியும் சுண்ணாம்புக் கல்லும் அடுக்கடுக்காக இறங்குகின்றன. கீழிருந்து வெப்பக் காற்று மேல் நோக்கி எழுகிறது. கல்கரி எரிவதால் உண்டாகும் வாயு, தாதுக் கட்டிகளின் இடையே நுழைந்து சென்று, தாதுவில் உள்ள பிராணவாயுவைக் கவர்ந்துகொள்கிறது. இரும்பு தனியே பிரிகிறது. எனவே, வாயு ஏறிச் செல்ல இடைவெளி வேண்டும். மாவு போன்ற தூளைக் கொட்டினால் உலையின் மூச்சு அடைபடும். எஞ்சிய தூளை வாயுவே வெளியே ஊதித் தள்ளிவிடும்.

ஆனால், மண்ணிலிருந்து வெட்டும் தாது முழுவதும் கட்டியாகவே கிடைப்பதில்லை. வெட்டும்போதும், உடைக்கும்போதும், சலிக்கும்போதும் பெரும் பகுதி தூளாகிறது. சற்றுப் பருமனான தூளைக் கல்கரிப் பொடியோடு கலந்து சுட்டு, ஒட்டுக் கட்டியாக்கி உலையில் இடலாம். மிக நுண்ணிய தூளுக்கோ அம்முறை பொருந்துவதில்லை. அதனை உருண்டையாக்கிச் சுடுதலே தக்க வழி.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லாத் தாதுவும் வளமான தாது அன்று. சில மலைகளில் நூற்றுக்கு 35 அல்லது 40 பங்கே இரும்பு இருக்கும். எஞ்சியது பெரும்பாலும் மணற்சத்தாகிய சிலிக்கா. இவ்விரண்டையும் பிரிக்க வேண்டுமாயின், பாறையை மாவினும் நுண்ணியதாக அரைத்தல் வேண்டும். தலைமயிரின் பருமனுக்கும் குறைந்த துகளாக அரைத்தால்தான் இரும்புத் துகள் வேறு, மணற்றுகள் வேறு என விடுபடும். காந்தத்தால் ஈர்க்கப்படும் மாக்னடைட் வகையாயின் காந்தத்தைக் கொண்டே பிரித்துவிடலாம். ஆனால், தாதுவை வளப்படுத்தும் அந்தச் செயலே அதனை உலைக்கு ஆகாத மாவாக்கிவிடுகிறது. அரைத்ததை மீண்டும் திரட்டும் கலை இங்கேதான் தேவைப்படுகிறது.

இக்கலையின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்டது. சுவீடனில் ஆண்டர்சன் என்பவர் 1912-இல் தாதுத் தூளை உருண்டையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், அதனைப் பெருந்தொழிலாக வளர்த்த இடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். அங்கே டாகனைட் என்னும் கடினமான, வளங்குன்றிய இரும்புப் பாறை மலைமலையாகக் கிடந்தது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் டேவிஸ் பல்லாண்டுகள் அதனோடு போராடினார். அவருடைய உழைப்பின் பயனாக 1950-களின் நடுப்பகுதியில் சுப்பீரியர் ஏரிக்கரையில் பெரிய உருண்டை ஆலை எழுந்தது. நம் நாட்டில் கோவாவின் பாலே என்னுமிடத்தில் 1967-இல் சௌகுலே நிறுவனம் முதல் உருண்டை ஆலையைத் தொடங்கிற்று.

நம் தென்னாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு குதிரேமுக். கருநாடகத்தின் சிக்கமகளூர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில், குதிரையின் முகம் போன்ற சிகரத்தால் பெயர் பெற்ற இடம் அது. அப்பகுதியில் இரும்புத் தாது இருப்பதை 1913-ஆம் ஆண்டிலேயே சம்பத் ஐயங்கார் என்னும் நிலவியலாளர் கண்டறிந்தார். தாது வளங்குன்றிய மாக்னடைட் வகை. ஆதலின் நெடுங்காலம் தீண்டப்படாமல் கிடந்தது. ஈரான் நாட்டோடு 1975-இல் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக, 1976-இல் அரசு நிறுவனம் ஒன்று அமைந்தது. மலையில் அரைத்துக் காந்தத்தால் பிரித்த தூளை நீரோடு குழம்பாக்கி, 67 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வழியே மங்களூர்த் துறைமுகத்துக்கு இறக்கினர். இதற்கிடையே ஈரானில் 1979-இல் புரட்சி நிகழ்ந்தது. அந்நாடு தூளை வாங்குவதாகச் சொன்ன ஏற்பாடு கைவிட்டுப் போயிற்று. வாங்குவோரைத் தேட வேண்டிய நிலையில், தூளாகவே விற்பதைவிட உருண்டையாக்கி விற்றல் மேல் என்பது தெளிவாயிற்று. 1987-இல் மங்களூரில் உருண்டை ஆலை இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 35 லட்சம் டன் உருண்டை செய்யும் அளவுக்கு அது பின்னர் வளர்ந்தது.

இனி, உருண்டை உருவாகும் விதத்தைக் காண்போம்.

ஐந்து முதல் ஏழு மீட்டர் வரை குறுக்களவுள்ள ஒரு பெரிய தட்டு, விளிம்பு உயர்ந்தது, சாய்வாக நிறுத்தப்பட்டுச் சுழன்றுகொண்டே இருக்கும். அதில் ஈரப்பதமுள்ள தூளை இடுவர். மேலே சிறிது நீர் தெளிப்பர். சில துகள்கள் நீர்த்துளியைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கரு உருள உருளப் புதுத் தூள் அதன்மேல் படிந்து பெருக்கும். பெரிய உருண்டைகள் மேற்புறம் மிதந்து விளிம்பைத் தாண்டி விழ, சிறியவை அடியில் தங்கி மேலும் வளரும். சுழலும் தட்டே சல்லடையின் வேலையையும் செய்துவிடுகிறது. இங்ஙனம் 8 முதல் 16 மில்லிமீட்டர் வரை பருமனுள்ள, சுண்டைக்காய் போன்ற பச்சை உருண்டைகள் வெளிவருகின்றன.

இப்பச்சை உருண்டையைப் பிணித்து வைப்பது நீர். ஈர மணலில் குழந்தைகள் வீடு கட்டுவதை மெரினாக் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். உலர்ந்த மணலில் வீடு நிற்பதில்லை. நீரில் முழுதும் மூழ்கிய மணலிலும் நிற்பதில்லை. துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகளில் நீர் அளவாகத் தங்கும்போது, அதன் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கிறது. தாது உருண்டையில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 அல்லது 10 பங்கு நீர் இருப்பின் இப்பிடிப்புச் செவ்வையாக அமையும்.

அங்ஙனமாயின் நீர் ஒன்றே போதாதா எனக் கேட்கலாம். போதாது. உருண்டை உலைக்குள் சென்றதும் நீர் ஆவியாகிவிடும். நீர் போனால் பிடிப்பும் போகும். சுட்டு இறுகும் வெப்பநிலையோ இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது. பழைய துணை நீங்கிவிட்டது. புதிய துணை வரவில்லை. இந்த இடைக்காலத்தில் உருண்டையைக் காத்து நிற்பதே பென்டொனைட்டின் முதற் கடமை.

இக்களிமண்ணின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்வோம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பென்டன் என்று வழங்கும் பாறை அடுக்கில் கிடைத்ததால், 1898-இல் நைட் என்னும் அறிஞர் இதற்கு இப்பெயரிட்டார். இதன் முதன்மைக் கனிமம் மான்ட்மோரில்லனைட். அப்பெயர் பிரான்சு நாட்டின் ஓர் ஊரால் வந்தது. எரிமலைச் சாம்பல் நீரில் படிந்து, நெடுங்காலம் வேதி மாற்றம் அடைந்ததால் உண்டான மண் இது. நம் நாட்டில் குஜராத்தின் கச்சுப் பகுதியிலும் இராஜஸ்தானத்தின் பாடுமேர் மாவட்டத்திலும் மிகுதியாகக் கிடைக்கிறது. கச்சுப் படிவங்கள் ஏறத்தாழ 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய தக்காண எரிமலைப் பாறைகளோடு தொடர்புடையவை.

இம்மண்ணின் துகளை ஏடுகள் அடுக்கிய புத்தகத்துக்கு ஒப்பிடலாம். ஓர் ஏட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒவ்வோர் ஏடும் மூன்று படலங்களால் ஆனது: நடுவே அலுமினாப் படலம், இருபுறமும் சிலிக்காப் படலம். ஏடுகளுக்கு இடையே சோடியம் அல்லது கால்சியம் அணுக்கள் மின்னேற்றத்தோடு உறைகின்றன. நீர் பட்டால் இந்த ஏடுகளின் இடையே நீர் நுழைந்து அவற்றை விரிக்கிறது. சோடிய வகையில் ஏடுகள் தனித்தனியே பிரிந்துவிடும் அளவுக்கு வீக்கம் உண்டாகிறது. கால்சிய வகையில் வீக்கம் குறைவு. அதனால், கால்சிய வகை மண்ணைச் சோடா உப்போடு பிசைந்து சோடிய வகையைப்போல் மாற்றுவதும் வழக்கம்.

ஏடுகள் முழுதும் பிரிந்தால் ஒரு கிராம் மண்ணின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர மீட்டர் ஆகும். சென்னைக் கணக்கில் சொன்னால் மூன்று கிரவுண்டு மனைக்கு மேல்! கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எடுக்கத்தக்க ஒரு சிட்டிகை மண், மூன்று மனைகளை மூடும் பரப்பைத் தன்னுள் ஒளித்து வைத்திருக்கிறது. ஆயிரத்துக்கு எட்டுப் பங்கு போதும் என்பதன் மறைபொருள் இதுவே.

இம்மண்ணின் இன்னொரு தொழிலை நம் மந்தைவெளியைப்போல மெட்ரோ இரயிலின் நிலத்தடி நிலையங்கள் அமையும் இடங்களில் காணலாம். நிலையத்தின் பக்கச் சுவருக்காக ஆழ்ந்த அகழி தோண்டும்போது, மண் சரிந்துவிடாமல் இருக்கப் பென்டொனைட் கலந்த குழம்பை அகழியில் நிரப்புவர். அது சுவரின்மேல் மெல்லிய ஏடாகப் படிந்து நீர் கசிவதைத் தடுக்கும். தன் எடையால் பக்கத்து மண்ணை அழுத்தித் தாங்கும். பிறகு கீழிருந்து கான்கிரீட்டை நிரப்ப, குழம்பு மேலே எழுந்து வெளியேறும். அகழியில் சரிவைத் தடுப்பதும் உருண்டையில் உதிர்வைத் தடுப்பதும் ஒரே பண்பின் இருவேறு பயன்கள்.

தாதுத் தூளில் கலந்த பென்டொனைட் மூன்று உதவிகளைச் செய்கிறது. முதலாவது, தூளில் நீர் சற்று மிகுந்திருப்பின் அதனைத் தான் உறிஞ்சிக்கொண்டு, உருண்டைகள் மிக விரைவாகப் பெருத்துச் சேறாகாமல் காக்கிறது. இரண்டாவது, பச்சை உருண்டைக்குத் துவளும் தன்மை தருகிறது. ஆலையில் ஒரு பட்டையிலிருந்து மற்றொரு பட்டைக்கு உருண்டைகள் பலமுறை விழ வேண்டியிருக்கிறது. ஆகவே, 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழச்செய்து, எத்தனையாவது முறையில் உடைகிறது என்று எண்ணிப் பார்ப்பர். நான்கைந்து முறையேனும் தாங்கினால்தான் நல்ல உருண்டை. மூன்றாவது, உலரும்போது நீர் பின்வாங்க, மண்ணின் ஏடுகள் துகளும் துகளும் தொடும் இடங்களில் சென்று குவிந்து பசையாக ஒட்டுகின்றன. வேண்டும் இடத்தில் மட்டும் பசை சேர்கிறது, வீண் செலவில்லை.

பச்சை உருண்டை ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கினால் போதும். உலர்ந்தது இரண்டு கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். சுட்ட உருண்டையோ 220 கிலோ அளவுக்குத் தாங்க வேண்டுமென ஊதுலைக்காரர் எதிர்பார்க்கின்றனர். இந்தப் பெரும்பாய்ச்சல் களிமண்ணால் வருவதன்று, நெருப்பால் வருவது. ஏறத்தாழ 1300 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் துகள்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தி வளர்ந்து ஒரே உடலாகின்றன. மாக்னடைட் தாதுவாயின் மற்றொரு நன்மையும் உண்டு. அது சுடும்போது பிராணவாயுவை ஏற்று ஹெமடைட்டாக மாறுகிறது. அம்மாற்றம் தானே வெப்பத்தை வெளியிடுவதால் எரிபொருள் மிச்சமாகிறது. குதிரேமுக்கின் மாக்னடைட்டுக்கு இச்சலுகை இருந்தது. ஹெமடைட் தாதுவுக்கு அது கிடையாது.

இனி, தீமையைப் பார்ப்போம். நீர் வேலை முடிந்ததும் ஆவியாகிப் போய்விடுகிறது. களிமண் போவதில்லை. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கு சிலிக்கா. எந்தச் சிலிக்காவை நீக்குவதற்காக மலையை மாவாக அரைத்தோமோ, அதே சிலிக்காவை நாமே விலைகொடுத்து வாங்கித் திரும்பச் சேர்க்கிறோம்! பென்டொனைட்டை நூற்றுக்கு 1 பங்கு சேர்த்தால், உருண்டையின் இரும்புச் சத்து ஏறத்தாழ 0.6 பங்கு குறைகிறது.

சிறிய எண் எனத் தள்ளிவிட வேண்டா, கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 35 லட்சம் டன் உருண்டை செய்யும் ஓர் ஆலை, டன்னுக்கு 8 கிலோ வீதம் பென்டொனைட் இட்டால், 28,000 டன் களிமண் வேண்டும். அதில் ஏறத்தாழ 17,000 டன் சிலிக்கா. அதனை ஊதுலையில் கசடாக உருக்கி வெளியேற்றக் கிட்டத்தட்ட அதே எடையளவு சுண்ணாம்புச் சத்து வேண்டும். இவ்விரண்டையும் உருக்கக் கல்கரி வேண்டும். கல்கரி எரிந்தால் கரியமில வாயு மிகும். ஆதலின் டன்னுக்கு ஒரு கிலோ களிமண்ணைக் குறைப்பதும் ஆலைக்காரருக்குப் பெரிய வெற்றி. மண்ணை நன்றாக அரைத்தல், சீராகக் கலத்தல், வீக்கம் மிகுந்த மண்ணைத் தேர்தல் ஆகியவை அதற்கான வழிகள்.

களிமண்ணை அறவே நீக்க முடியாதா? முயன்றிருக்கின்றனர். மரக்கூழிலிருந்து செய்யும் கார்பாக்சிமீத்தைல் செல்லுலோஸ், மாவுப்பசை, கொத்தவரை இனத்து விதைப் பிசின் முதலியவற்றைச் சோதித்துள்ளனர். பென்டொனைட்டின் அளவில் பத்தில் ஒரு பங்கே போதும். எரிந்தபின் சிலிக்கா எதையும் விட்டுச் செல்வதில்லை. ஆனால், அந்த நற்குணமே அதன் குறையும் ஆகிறது. இப்பசைகள் சில நூறு டிகிரியிலேயே எரிந்து மறைகின்றன. தாதுத் துகள்கள் தாமே ஒட்டிக்கொள்ளும் வெப்பநிலை அதற்கு மிகவும் மேலே இருக்கிறது. அந்த இடைவெளியில் உருண்டை பலமிழந்து நிற்கும். களிமண்ணோ கடைசிவரை உடனிருந்து, உயர்ந்த வெப்பத்தில் சிறிது உருகித் துகள்களை இணைக்கவும் உதவுகிறது. விலையும் மலிவு. இவையே இம்மண் இன்னும் முதலிடத்தில் நிற்பதற்குக் காரணங்கள்.

ஆலைக் கணக்கோடு பொருள் முடிந்துவிடுவதில்லை. தாதுவை வளப்படுத்துவோர் இரும்பை எடுத்துக்கொண்டபின், மணற்சேறு மலைபோல் எஞ்சுகிறது. சுப்பீரியர் ஏரிக்கரை ஆலை அந்தச் சேற்றை ஏரியிலேயே கொட்டி வந்தது. நீண்ட வழக்குக்குப் பின் 1980-இல்தான் அது நின்றது. குதிரேமுக் சுரங்கமோ பத்திரை ஆறு தோன்றும் மழைக்காட்டின் நடுவே இருந்தது. காட்டையும் ஆற்றையும் காக்க வேண்டுமென்று எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. அதன்படி 2005 டிசம்பர் 31-ஆம் நாளோடு அங்கே தாது வெட்டுதல் முடிவுற்றது. மலையை நம்பி எழுந்த மங்களூர் ஆலை, பிற இடங்களிலிருந்து வரும் ஹெமடைட் தாதுவை அரைத்து உருண்டையாக்கும் நிலைக்கு மாறிற்று.

நம் தமிழ்நாட்டுக்கும் இப்பாடம் உரியது. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் கிடைப்பதும் வளங்குன்றிய மாக்னடைட் பாறையே. சேலத்துத் தாதுவைக் கொண்டு 1830-களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கினார். மரக்கரியைப் பெரிதும் நம்பிய அம்முயற்சி நிலைக்கவில்லை. இன்று அத்தகைய தாதுவை எவரேனும் பயன்படுத்த எண்ணினால், அரைத்தல், காந்தத்தால் பிரித்தல், உருண்டையாக்கல் என்னும் இவ்வழியேதான் செல்ல வேண்டியிருக்கும். அப்போது எத்தனை டன் இரும்பு என்று மட்டும் கேட்டால் போதாது. எஞ்சும் சேறு எங்கே போகும், நீர் எங்கிருந்து வரும், மலையடியில் வாழ்வோர் நிலை யாது என்னும் வினாக்களையும் உடன் கேட்க வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை காண வேண்டியவர்கள் உங்கள் தலைமுறையினரே.

இறுதியாக, பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். செங்கல்லை நன்றாக இடித்து மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். அப்பொடியை நூறு நூறு கிராமாகப் பிரியுங்கள். ஒன்றில் வெறும் நீர். மற்றவற்றில் ஏரிக் களிமண்ணை 1 கிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். இன்னொன்றில் சிறிது மாவுக் கஞ்சி. ஒரே அளவில் உருண்டை பிடியுங்கள். சிலவற்றை ஈரமாகவும், சிலவற்றை இரண்டு நாள் உலர்த்தியும், 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்து எண்ணுங்கள். எண்களை வரைபடத் தாளில் குறியுங்கள். களிமண்ணைக் கூட்டக் கூட்டப் பலம் ஒரே விகிதத்தில் கூடுகிறதா, ஓரிடத்தில் நின்றுவிடுகிறதா? ஈரத்தில் வென்ற பசை உலர்ந்தபின்னும் வெல்கிறதா? குறைந்த பசையில் நிறைந்த பலம் தேடும் அறிஞர்கள் இன்றும் இவ்வினாக்களையே கேட்டு வருகின்றனர்.